நகரத்தில் சமூக சுகாதாரப் பணியாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோளில் ஒரு பை, கையில் ஒரு பதிவேடு. வாசலில் இப்படி ஒருவர் வந்து நின்றால் பலர் முதலில் கேட்பது, "என்ன, கணக்கெடுப்பா?" என்றுதான். கணக்கெடுப்பும் அவர் வேலையில் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் அவர் வருவதில்லை. குடியிருப்போர், பணியாளரின் குடும்பத்தார், இந்த வேலையில் சேர நினைப்பவர்கள் எனப் பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

சமூக சுகாதாரப் பணியாளர் யார்? நர்ஸா?

நர்ஸ் இல்லை, டாக்டரும் இல்லை. தான் குடியிருக்கும் பகுதியிலோ அதற்குப் பக்கத்திலோ உள்ள சில நூறு வீடுகளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அங்குள்ளவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிப்பவர். அந்த வீடுகளுக்கும் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கும் நடுவில் பாலம்போல இருப்பவர். பயிற்சி சில வாரங்களாகவோ சில மாதங்களாகவோ இருக்கும். பெயர் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் ஆஷா, பாகிஸ்தானில் லேடி ஹெல்த் வொர்க்கர், பிரேசிலில் சமூக சுகாதார முகவர். மருத்துவமனை, ஆள் வரட்டும் என்று காத்திருக்கும். இவர் தானே போய்க் கதவைத் தட்டுவார். வேலையின் சாரம் அவ்வளவுதான்.

நகரத்தில்தான் தெருவுக்கு ஒரு கிளினிக் இருக்கிறதே. இவர் எதற்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

கிராமத்தில் மருத்துவமனைக்குள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிவிடலாம். நகரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பெரிய மருத்துவமனை பத்து நிமிட நடையில் இருக்கும். ஆனால் அதன் வெளிநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் நேரமும் தினக்கூலிக்காரர் வேலையில் நிற்கும் நேரமும் ஒன்று. டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றைய கூலி போச்சு. போனாலும் எந்தக் கவுண்டரில் நிற்பது, எந்தச் சீட்டு வாங்குவது என்று தெரியாது. வேறு மாநிலத்திலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்தவருக்கு மொழியும் தெரியாது. ஒருமுறை யாராவது சிடுசிடுத்து அனுப்பிவிட்டால் மறுமுறை அந்தப் பக்கமே போகமாட்டார். பத்து நிமிட நடை அவருக்குப் பத்து மைல் ஆகிவிடுகிறது.

அடுத்தது, வீடு மாறுவது. வாடகைக் குடும்பங்கள் ஒரே முகவரியில் நிற்பதில்லை. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் ஒரு பகுதியில் பதிவு செய்த பெண் எட்டாம் மாதத்தில் வேறொரு பகுதியில் இருப்பார். பழைய இடத்தில் "ஆள் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். புதிய இடத்தில் அவர் வந்ததே யாருக்கும் தெரியாது. குழந்தைகளின் தடுப்பூசித் தவணைகள் தவறுவதும் பெரும்பாலும் இப்படித்தான். தெருவை நடந்தே பார்க்கிற ஒருவருக்குத்தான் மாடியில் புதிதாக ஒரு குழந்தைத்துணி காய்வது கண்ணில் படும்.

மூன்றாவதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நகரத்தில் மருத்துவம் குறைவாக இருப்பதும் தொல்லை, அதிகமாக இருப்பதும் தொல்லை. ஒரே ஆள் மூன்று டாக்டர்களிடம் காட்டியிருப்பார். மூன்று சீட்டு இருக்கும். அலமாரியைத் திறந்தால் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரண்டு அட்டையாகக் கிடக்கும். அவர் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார். மூன்று டாக்டர்களில் யாரும் அந்த அலமாரியைப் பார்த்ததில்லை. வீட்டுக்குள் வந்து உட்காருபவர்தான் பார்க்க முடியும்.

சரி, ஒரு நாளில் அவர் என்னதான் செய்வார்?

நாள் முழுக்க ஒரே வேலை என்று இருக்காது. காலையில் பிறந்து ஏழு நாளான ஒரு குழந்தையைப் பார்க்கப் போவார். இந்தியாவில் மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஆஷாக்களுக்கு வகுத்த முறை. பால் குடிக்கிறதா, உடம்பு சில்லிட்டிருக்கிறதா, கொதிக்கிறதா என்று பார்ப்பார். அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவார். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்தில் 60 அல்லது அதற்கு மேல் போனால் உடனே மருத்துவமனை. இதற்குக் கடிகாரமும் பொறுமையும் போதும்.

அடுத்த வீட்டில் ஒரு கர்ப்பிணி. கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல் உண்டா என்று கேட்பார். அதற்கடுத்த வீட்டில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் முதியவர். "நல்லா இருக்கேன், அதான் நிறுத்திட்டேன்" என்பார் அவர். இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டினாலும் பலருக்கு உடம்பில் எதுவும் தெரியாது. நன்றாக இருப்பதாகத் தோன்றுவதற்கே அந்த மாத்திரைதான் காரணமாக இருக்கலாம் என்று ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். சலிக்காமல் சொல்வதும் ஒரு திறமைதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் யாராவது இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேல்கையைச் சுற்றி நிற நாடாவால் அளப்பார். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறை, தள்ளிப்போடக் கூடாது. மொட்டை மாடித் தொட்டியையும் ஒரு கண் பார்ப்பார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவச் சொல்வது.

நகரத்தில் பகலில் பாதிக் கதவு பூட்டியிருக்கும். அதனால் நல்ல பணியாளர்கள் பலர் மாலை ஏழு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்க்கிறார்கள். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஊசி போடுவாரா? மருந்து கொடுப்பாரா?

பெரும்பாலான நாடுகளில் ஊசி போட மாட்டார். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வயிற்றுப்போக்குக்கான துத்தநாக மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, கருத்தடைச் சாதனங்கள் போன்றவை பையில் இருக்கலாம். எது இருக்கலாம் என்பதை அந்தந்த நாட்டு விதி சொல்லும். ஆன்டிபயாட்டிக் கேட்டு அவரை நெருக்காதீர்கள்.

என் வீட்டு விஷயத்தைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட மாட்டாரா?

இந்தப் பயம் பொய்யில்லை. அவர் அதே தெருக்காரர் என்பதால்தான் கதவு திறக்கிறது. அதே தெருக்காரர் என்பதால்தான் வாய் திறக்கத் தயக்கம். காசநோய், எச்ஐவி, கருக்கலைப்பு, மனநோய், வீட்டில் அடி உதை, இவையெல்லாம் ஒரு சொல் வெளியே போனால் வாழ்க்கையே புரண்டுவிடக்கூடிய விஷயங்கள்.

நல்ல திட்டங்களில் இரகசியம் காப்பது பயிற்சியின் முதல் பாடமாக இருக்கும். மீறினால் வேலை போகும் என்பதும் எழுத்தில் இருக்கும். அனுபவமுள்ள பணியாளர்கள் சின்னச் சின்ன உத்திகளும் வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கு மட்டும் அடிக்கடி போனால் தெரு கவனிக்கும், அதனால் வரிசையாக எல்லா வீட்டிலும் நின்றுவிட்டுப் போவார்கள். பதிவேட்டை அட்டை மேலே தெரியும்படி மூடி வைத்துக்கொள்வார்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் கருத்தடை பற்றிக் கேட்க மாட்டார்கள். "எடை பார்க்கலாம் வா" என்று தனியே அழைத்துக்கொண்டு போய்க் கேட்பார்கள்.

அப்படியும் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அவரிடம் சொல்ல வேண்டாம். வேறு பகுதியிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போகலாமா என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று விசாரிக்காமல் வழி சொன்னால் அவர் நல்ல பணியாளர்.

ஏன் பெரும்பாலும் பெண்களே இருக்கிறார்கள்?

தாய்சேய் நலத்தை மையமாக வைத்துத் தொடங்கிய திட்டங்கள் அதிகம் என்பது ஒரு காரணம். பகலில் வீட்டில் இருக்கும் பெண்கள் இன்னொரு பெண்ணுக்குத்தான் கதவு திறப்பார்கள் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை யாரும் எழுத்தில் வைப்பதில்லை: பெண்கள் குறைந்த காசுக்கு வருவார்கள் என்ற கணக்கு. ஆண்கள் அதிகம் தங்கும் விடுதிகள், கட்டுமானத் தளங்கள் போன்ற இடங்களுக்கு ஆண் பணியாளர்களும் தேவைப்படுகிறார்கள். போதைப் பழக்கம் பற்றிப் பேச அந்தப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கடினம்.

ஒருவர் எத்தனை வீடுகளைப் பார்க்க முடியும்?

பிரேசிலில் ஒருவருக்கு 750 பேருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். அந்தப் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. இந்தியாவில் கிராமத்து ஆஷாவுக்கு ஏறத்தாழ 1,000 பேர், நகரத்து ஆஷாவுக்கு 1,000 முதல் 2,500 பேர் என்று வழிகாட்டுதல். நெருக்கமாக வீடுகள் இருப்பதால் நடை குறைவு, எனவே கூடுதல் பேரைப் பார்க்கலாம் என்பது கணக்கு. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு மாடி ஏறி, பூட்டிய கதவைப் பார்த்து இறங்கி, மாலையில் மறுபடி ஏறுவதை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

எங்கள் அடுக்குமாடியில் எல்லோரும் வசதியானவர்கள். எங்களுக்கும் வர வேண்டுமா?

வசதியான வீட்டிலும் தனியாக இருக்கும் முதியவர் உண்டு. வெப்ப அலை அடிக்கும் நாளில் அவர் தண்ணீர் குடித்தாரா என்று பார்க்க ஆள் இருக்காது. வேலைக்கு வரும் பெண், காவலாளி, மேலே தங்கியிருக்கும் ஓட்டுநர் ஆகியோரும் அதே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். வாசலிலேயே பணியாளரைத் திருப்பி அனுப்பினால் அவர்களையும் சேர்த்துத்தான் திருப்பி அனுப்புகிறீர்கள்.

இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் 2021-இல் பிரேசில் முறையை அப்படியே எடுத்து முயன்றார்கள். நோய் இருக்கிறதோ இல்லையோ, குறிப்பிட்ட குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதாமாதம் போவது. எல்லா வீட்டுக்கும் போவதில் ஒரு நன்மை உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் "அங்கே என்னவோ நோய்" என்று யாரும் சொல்ல முடியாது.

இது புது யோசனையா?

இல்லை. 1862-இலேயே மான்செஸ்டர், சால்ஃபோர்டு நகரங்களில் பெண்கள் சங்கம் ஒன்று உழைக்கும் வர்க்கப் பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்கு வாசல் வாசலாக அனுப்பியது. அப்போதே அது நகரத்துத் தேவையிலிருந்துதான் பிறந்தது. பிறகு இந்த யோசனை கிராமத்துக்குப் போய்விட்டது. 1930-களில் சீனாவின் டிங்சியான் வட்டாரத்தில் விவசாயிகளுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்துச் சுகாதார வேலை செய்ய வைத்தார்கள். 1960-களின் இறுதியில் அங்கே "வெறுங்கால் மருத்துவர்கள்" வந்தார்கள்; இவர்களும் குறுகிய பயிற்சி பெற்ற கிராமத்து ஆட்கள்தான். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970 முதல் மருத்துவத் தம்பதியான ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபெல் ஆரோலேயும் படிப்பறிவில்லாத கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்தார்கள். 1978-இல் அல்மா அட்டா நகரில் நடந்த பன்னாட்டுச் சுகாதார மாநாடு ஆரம்ப சுகாதாரத்தை உலகக் கொள்கையாக்கியபோது இப்படிப்பட்ட பணியாளர்களும் அதில் இடம்பெற்றார்கள்.

இந்தியாவில் ஆஷா திட்டம் 2005-இல் கிராமங்களுக்காக வந்தது. நகரங்களுக்கான தேசிய சுகாதார இயக்கம் 2013-இல்தான் தொடங்கியது. நடுவில் எட்டு ஆண்டு. நகரத்து ஏழைக்கு மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது என்ற நினைப்பு அவ்வளவு அழுத்தமாக இருந்தது.

உண்மையில் பலன் உண்டா, அல்லது நல்ல எண்ணம் மட்டும்தானா?

உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதியான அபய் பங், ராணி பங் இருவரும் 39 கிராமங்களில் நடத்திய ஆய்வு 1999-இல் வெளியானது. பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் கவனித்ததில், ஒப்பீட்டுக் கிராமங்களோடு பார்க்கும்போது மூன்றாம் ஆண்டில் இறப்பு 62 சதவீதம் குறைந்தது.

அது கிராமம். நகரத்துக்கு என் மனதில் முதலில் வரும் உதாரணம் பெரு நாட்டின் லிமா. 1990-களில் அதன் வடக்குப் புறநகர்க் குடிசைப் பகுதிகளில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் பரவியது. சிகிச்சை ஒன்றரை ஆண்டுக்கு மேல், மருந்துகளோ விலை அதிகம், பக்கவிளைவுகளும் கடுமை. ஏழை நாட்டில் இது நடக்காத காரியம் என்று நிபுணர்கள் பலர் கைவிரித்திருந்தார்கள். அமெரிக்க மருத்துவர்கள் பால் ஃபார்மர், ஜிம் கிம் ஆகியோரின் குழு உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பியது. நோயாளி மாத்திரை விழுங்குவதை அவர்கள் நேரில் பார்த்தார்கள், வாந்தி எடுத்தால் கூட இருந்தார்கள், வீட்டில் சாப்பாடு இல்லையென்றால் தகவல் சொன்னார்கள். 2003-இல் வந்த முடிவின்படி, நான்கு மாதமோ அதற்கு மேலோ சிகிச்சை பெற்ற 66 பேரில் 83 சதவீதம் பேர் குணமடைந்ததாகக் கணக்கிடப்பட்டது. மருந்து டாக்டர்கள் எழுதியதுதான். பாதியில் விடாமல் அதைத் தொடர வைத்தவர்கள் வாசலுக்கு வந்தவர்கள்.

பலன் கிடைக்காத இடங்களில் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அனுப்பிய நோயாளியை ஏற்றுக்கொள்ளச் சுகாதார நிலையத்தில் ஆளோ மருந்தோ இல்லை. இரண்டு முறை ஒருவரை அனுப்பி வெறுங்கையோடு திரும்பி வந்தால், மூன்றாம் முறை அந்தத் தெருவில் பணியாளரின் சொல்லுக்கு மரியாதை இருக்காது.

சம்பளம் எப்படி?

சில நாடுகளில் மாதச் சம்பளம். சில இடங்களில் வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. பல இடங்களில் "தன்னார்வலர்" என்ற பெயர் மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாகவே பேசுகிறது. வேலைக்கேற்ற ஊதியம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், முழு ஊதியத்தையும் இலக்கோடு மட்டும் கட்டிப்போடக் கூடாது என்கிறது. 2022-இல் அதே நிறுவனம் ஆஷாக்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருதும் கொடுத்தது. விருதை வைத்து வாடகை கட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஊக்கத்தொகையே தவறு என்று நான் சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கலந்த கரைசல் செய்யத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று அவர்கள் காசு கொடுக்கவில்லை. பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்த்து, அதற்கேற்பக் கற்றுக்கொடுத்தவருக்குக் காசு கொடுத்தார்கள். எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் எண்ணிக்கைதான் கிடைக்கும்.

செல்பேசிச் செயலிகள் வந்துவிட்டனவே, வேலை சுலபமாகியிருக்குமே?

சிலவற்றில் ஆம். அடுத்த தடுப்பூசி யாருக்கு, எந்தக் கர்ப்பிணிக்குத் தேதி நெருங்குகிறது என்று செயலி நினைவூட்டும். வீடு மாறியவரின் விவரம் புதிய பகுதிப் பணியாளருக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தால் நகரத்துப் பெரிய தலைவலியே தீரும். ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு. அதே தகவலைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும், இரண்டு மூன்று செயலிகளிலும் ஏற்ற வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் தாயின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முகம் பார்க்காதவரிடம் யாரும் மனம் திறப்பதில்லை.

இந்த வேலையில் சேர என்ன தகுதி வேண்டும்?

பள்ளிப்படிப்பு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். எழுதப் படிக்கத் தெரிவது அநேகமாக எங்கும் வேண்டும். திருமணமானவரா என்பதைத் தகுதியாக வைக்கக் கூடாது என்று 2018 வழிகாட்டுதல் சொல்கிறது, ஆனால் இன்னும் வைக்கிறார்கள். அப்புறம், சேருவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: மேற்பார்வையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடவே களத்துக்கு வருவார், இரவில் பிரசவத்துக்குக் கூடப் போனால் பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் யார் பொறுப்பு, அவசரத்தில் நான் கூப்பிட வேண்டிய டாக்டர் யார். பதில் மழுப்பலாக இருந்தால் யோசித்துச் சேருங்கள்.

அவர் சொன்னது தவறாகத் தோன்றினால்?

அவரிடமே கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் சுகாதார நிலைய நர்ஸிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பது, கர்ப்பத்தில் இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு அவர் வரட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். நேரே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது நான் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், தவறாக நினைக்க மாட்டார். வங்கி விவரமோ கடவு எண்ணோ கேட்டால் அவர் பணியாளர் இல்லை, கொடுக்க வேண்டாம். தடுப்பூசி அட்டை, பழைய சீட்டுகள், பரிசோதனை முடிவுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள். வீட்டில் யார் யார் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்களோ, நாட்டு மருந்து உட்பட, எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்து மேசையில் பரப்புங்கள். சாப்பிடாமல் விட்டவற்றையும் ஒளிக்க வேண்டாம், அவர் எப்படியும் அட்டையை எண்ணிப் பார்ப்பார். இரத்த அழுத்தம் அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டியிருக்கும், அதற்கு ஒரு நாற்காலி. நான்கு மாடி ஏறி வந்திருந்தால் அவருக்கும் ஒன்று போடுங்கள்.